துண்டுக்கூலிதானே, பிறகு ஏன் எல்லாரும் எழுநூற்றோடு நிறுத்துகிறார்கள்?

கடைமடை (இழையைத் தொடங்கியவர்)

பாளையங்கோட்டையில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் எம்.பி.ஏ. படிக்கிறேன். இந்தப் பருவத்தில் நிர்வாகக் கோட்பாடுகள் தாள். அந்தக் கோட்பாடுகளை எழுதிய டெய்லர், ஃபயோல், வேபர், மேயோ என்று வரிசையாக வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சார் டெய்லரை நடத்தும்போது, "நாள்கூலியை எடுத்துவிட்டுத் துண்டுக்கூலி கொடுங்கள், கை தானாக வேகமெடுக்கும்" என்றார். எனக்கு அந்த இடம் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

எனக்கு ஊர் ஆலங்குளம் பக்கம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் பீடி சுற்றுவார்கள். அம்மா முப்பது வருடமாகச் சுற்றுகிறார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இதைவிடச் சுத்தமான துண்டுக்கூலி இருக்க முடியுமா? மணி அடிப்பதில்லை, மேஸ்திரி தலைக்கு மேல் நிற்பதில்லை. சொளகை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் அம்மாவின் கை பேசிக்கொண்டே ஓடும். ஆயிரம் சுற்றக்கூடிய கை அது, எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கடையில் பீடிக் கணக்கு எழுதுகிற பாஸ் புத்தகத்தைப் புரட்டினால் ஒவ்வொரு நாளும் 700, 700, 700. பக்கத்து வீட்டு அத்தை 700. எதிர்வீட்டுக்குக் கல்யாணமாகி வந்து இரண்டே வருடமான அக்காவும் 700. கை வேகம் ஆளுக்கு ஆள் மாறுமே, கணக்கு மட்டும் ஏன் ஒட்டி வைத்த மாதிரி இருக்கிறது?

டெய்லர் சொன்னது தப்பா, இல்லை எனக்குப் புரியவில்லையா?

கணக்குப்புலி

தம்பி, டெய்லரை நேரடியாகப் படிக்காமல் அவர் சொன்னதாக மற்றவர்கள் சொல்வதைப் படித்தால் இந்தக் குழப்பம் வரும். 1911-ல் வந்த அவர் புத்தகத்தின் தொடக்கமே இதுதான்: ஆட்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்கிறார்கள், அது ஏன்? அவர் அதை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, மனிதனுக்கு இயல்பாக உள்ள சோம்பல். அது சின்ன விஷயம். இன்னொன்று, எல்லாரும் சேர்ந்து பேசிவைத்துக் குறைப்பது. இதற்குக் காரணம் முதலாளிதான் என்கிறார். தொழிலாளி வேகமாகச் செய்து கூடுதலாகச் சம்பாதித்தால், 'ஓ, இவ்வளவு முடியுமா' என்று உருப்படிக் கூலியைக் குறைத்துவிடுகிறார்கள். ஒரு தடவை சூடு பட்டவன் மறுபடி வேகமாகச் செய்வானா?

அதனால்தான் அவர் வெறும் துண்டுக்கூலியை நம்பவில்லை. வேலையை அளந்து, நியாயமான அளவு இது என்று முடிவு செய்து, பிறகு கூலியில் கை வைக்காதே என்றார். பெத்லஹேம் இரும்பாலைக் கதையைச் சொல்லியிருப்பார்களே, இரும்புக் கட்டி தூக்குகிற ஆளுக்கு 'ஷ்மிட்' என்று டெய்லர் வைத்த பெயர். நாளுக்கு 12.5 டன் தூக்கியவரை 47.5 டன் தூக்க வைத்தார், கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது.

ஓய்வுபெற்ற சைடர்

கணக்குப்புலி என்று பெயர் வைத்துக்கொண்டு கணக்கைப் பாதியில் விட்டுவிட்டீர்களே அண்ணாச்சி. வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். மிச்சம் யார் பைக்குப் போனது என்று அந்த ஷ்மிட் கேட்கவே இல்லையா?

நான் ஒரு நூற்பாலையில், ரிங் ஃபிரேம் என்கிற நூல் நூற்கும் இயந்திரத்தில், இழையைப் பார்த்துக்கொள்ளும் சைடராக 31 வருடம் இருந்தவன். எந்த ஆலை என்று கேட்காதீர்கள். ஃபிரேமின் தலையில் ஹேங்க் மீட்டர் என்று ஒன்று இருக்கும். ஷிஃப்டில் எவ்வளவு நூல் ஓடியது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். மேலே இருப்பவர்கள் அந்த மீட்டரைப் பார்ப்பார்கள். நாங்கள் பார்ப்பது பஞ்சை. பஞ்சு நன்றாக இருந்தால் இழை அறாது, கையை வீசிக்கொண்டு நடக்கலாம். மட்டமான பஞ்சு வந்தால் அறுந்த இழையை ஒட்டி ஒட்டியே முதுகு போய்விடும். ஆனால் மீட்டருக்குப் பஞ்சு தெரியாது. நல்ல பஞ்சு ஓடிய மாதத்தில் அதிகமாகக் காட்டிவிட்டால், மட்டப் பஞ்சு வரும் மாதத்திலும் அதையே கேட்பார்கள். அதனால் நல்ல மாதத்தில் கொஞ்சம் அடக்கி வாசிப்போம். இதை யாரும் கூட்டம் போட்டுச் சொல்லித்தரவில்லை. புதுப் பையன் வந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வான்.

அந்தத் தங்கச்சிகள் 700-ல் நிறுத்துவதும் இந்த ரகமாகத்தான் இருக்கும். கூலியை மட்டும் பார்க்காதீர்கள் தம்பி. இலையைப் பாருங்கள்.

வாத்தியாரம்மா

சைடர் அண்ணாச்சி சொன்னது அப்படியே பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நான் இந்தத் தாளைப் பன்னிரண்டு வருடமாக நடத்துகிறேன், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாதார்ன் ஆய்வு என்றால் எல்லாரும் விளக்கு வெளிச்சக் கதையைத்தான் சொல்வார்கள். சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் டெலிபோன் கருவித் தொழிற்சாலை, அதன் பெயர்தான் ஹாதார்ன். 1924-ல் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. 1927-ல் ஐந்து பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்து ரிலே என்ற மின்சுவிட்சைப் பொருத்தச் சொன்னார்கள். இடைவேளை கொடுத்தார்கள், நேரத்தைக் குறைத்தார்கள், பேச்சுக் கொடுத்தார்கள். உற்பத்தி ஏறியது. 'மனிதனாக மதித்தால் மனிதன் உழைப்பான்' என்ற முடிவு அங்கிருந்து வந்ததுதான். பரீட்சையில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும்.

பரீட்சையில் யாரும் எழுதாதது: அந்த ஐந்து பேரில் இரண்டு பேரை 1928 ஜனவரியில் மாற்றிவிட்டார்கள். அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று. மாற்று ஆட்கள் வந்த பிறகுதான் எண்ணிக்கை நன்றாக ஏறியது. 1967-ல் அலெக்ஸ் கேரி என்பவர் இதையெல்லாம் எடுத்துப்போட்டு, அன்பு வேலை செய்ததா, ஆளை மாற்றியதும் கூலி முறையும் வேலை செய்ததா என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஆனால் உங்கள் 700-க்குத் தேவையானது அங்கே இருந்த இன்னொரு அறை. 1931 நவம்பர் முதல் 1932 மே வரை 14 ஆண்கள் கம்பி இணைக்கும் அறை. அங்கே ஆராய்ச்சியாளர் எதையும் மாற்றவில்லை, மூலையில் உட்கார்ந்து பார்த்தார், அவ்வளவுதான். கூலி குழுவாகச் செய்த வேலையைப் பொறுத்தது. அதிகம் செய்தால் அதிகம் கிடைக்கும். ஆனாலும் ஒரு நாளைக்கு இரண்டு உருப்படி என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டி வேகமாகப் போகிறவனுக்குத் தோள்பட்டையில் ஒரு குத்து விழும். விளையாட்டுக் குத்துதான், ஆனால் செய்தி புரிந்துவிடும். மிகவும் குறைத்துச் செய்கிறவனையும் விடமாட்டார்கள். மேலதிகாரியிடம் போட்டுக்கொடுப்பவனுக்கு இடமே கிடையாது.

இதை எழுதியவர்கள், 'தொழிலாளிக்குப் பொருளாதாரம் புரியவில்லை, உணர்ச்சியால் நடக்கிறான்' என்கிற மாதிரி முடித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது பெருமந்தக் காலம். ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. இருக்கிற வேலையை இழுத்து இழுத்துச் செய்வதில் உணர்ச்சி எங்கே வந்தது?

எழுத்தர்

டீச்சர், எங்கள் அலுவலகத்தில் குத்து இல்லை, அதற்குப் பதில் "என்ன சார், புரமோஷன் வேணுமா?" என்று கேட்பார்கள். அதற்குக் குத்தே தேவலை.

ஃபயோல் பற்றியும் யாராவது எழுதுங்கள். 1916-ல் எழுதிய சுரங்க இன்ஜினியர். ஒரு ஆளுக்கு ஒரே மேலதிகாரி என்று சொன்னவர் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அவரே பாலம் என்று ஒன்றையும் சொன்னார். இரண்டு ஏணியின் அடிப்படியில் இருக்கிற இரண்டு பேர், ஒவ்வொரு படியாக உச்சிக்கு ஏறி மறுபக்கம் இறங்குவதற்குப் பதிலாக, தங்கள் மேலதிகாரிகள் சம்மதித்தால் நேராகப் பேசிக்கொள்ளலாம் என்று. எங்கள் கட்டடத்தில் எனக்கும் அடுத்த பிரிவுக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்பு. அந்தப் பக்கம் இருப்பவர் தும்மினால் எனக்குக் கேட்கும். ஆனால் கோப்பு அவரிடம் போக ஒன்பது நாள். பாலம் இருக்கிறது, டீக்கடையில். அங்கே பேசி முடித்துவிட்டு வந்து, பிறகு ஒன்பது நாள் கோப்பை நடக்கவிடுவோம்.

வேலை கூடாவிட்டாலும் அலுவலர் எண்ணிக்கை கூடும் என்று எழுதிய பார்க்கின்சன் கொடுத்த பிரிட்டிஷ் கடற்படைக் கணக்கு ஞாபகம் வருகிறது. 1914-ல் பெரிய போர்க்கப்பல் 62, 1928-ல் 20. அதே காலத்தில் தலைமையகத்து அலுவலர்கள் 2,000 பேரிலிருந்து 3,569 ஆனார்கள். ஆட்களைப் பார்த்தால் கப்பல் கூடியிருக்கும் என்றுதான் நினைப்போம்!

கணக்குப்புலி

இழை திசை மாறுகிறது. பீடிக்கு வருவோம். டீச்சர் சொன்ன அறையில் கூலி குழுவுக்கு. இங்கே தனித்தனி ஆளுக்கு. அதுவும் பீடிக் கூலியைக் கடைக்காரர் நினைத்தபடி வெட்ட முடியாது. குறைந்தபட்சக் கூலி இருக்கிறது, சங்கங்கள் பேசி ஒப்பந்தம் போடுகின்றன, 1966-ல் பீடித் தொழிலாளர் சட்டமே வந்துவிட்டது. கூலி வெட்டு என்ற பயம் இல்லாதபோது, டெய்லர் காட்டிய காரணமும் இல்லை. பிறகு ஏன் 700? எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

ரதவீதி

நான் படித்தது பத்தாவதுதான். ஆனால் ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் தேரில் சறுக்குக் கட்டை போடுகிற ஆட்களோடு சின்ன வயதிலிருந்து சுற்றியவன். நீங்கள் எல்லாரும் நிர்வாகம் நிர்வாகம் என்கிறீர்களே, ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிக்கிறார்கள், ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது, ஒருத்தரையும் வேலையை விட்டு நீக்க முடியாது. அந்தத் தேர் எப்படி ஓடுகிறது?

இழுக்கிறவனுக்குத் தேர் எங்கே போகிறது என்று தெரியாது, முன்னால் இருப்பவன் முதுகுதான் தெரியும். பின்னால் தடி போட்டு நெம்புகிறவனுக்குச் சக்கரம் மட்டும் தெரியும். மேலே நின்று துண்டை வீசுகிறவருக்குத் தெருவே தெரியும், ஆனால் அவர் கத்துவது கீழே கேட்காது. சக்கரத்துக்குக் கீழே குனிந்து கட்டை வைக்கிறவன்தான் தேரைத் திருப்புகிறான். அதிலும் ரத வீதி மூலை வந்துவிட்டால் தக்காரும் அதிகாரியும் பேசாமல் நிற்பார்கள். அவன் கையைத் தூக்கினால் எல்லாம் நிற்கும். நேராகப் போகும்போது அவனை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஊரில் 'முட்டுக்கட்டை போடாதே' என்று திட்டுவார்கள். கட்டை போடாவிட்டால் தேர் கடைக்குள் போய்விடும்.

வாத்தியாரம்மா

ரதவீதி அண்ணாச்சி, நீங்கள் பத்தாவதோடு நின்றது என் பாக்கியம், இல்லாவிட்டால் என் வேலை போயிருக்கும். மேரி பார்க்கர் ஃபோலெட் என்ற அமெரிக்க அம்மா 1920-களில் சொன்னது இதுதான். யார் யாருக்கு ஆணையிடுவது என்று பார்க்காதே, அந்த நிலைமை என்ன கேட்கிறது என்று இருவரும் சேர்ந்து பார், ஆணை அதிலிருந்து வரட்டும் என்றார். ரத வீதி மூலைதான் ஆணையிடுகிறது, கட்டை வைக்கிறவர் அதைக் கைகாட்டிச் சொல்கிறார்.

செஸ்டர் பர்னார்ட் 1938-ல் இன்னொரு பக்கம் பிடித்தார். அவர் டெலிபோன் கம்பெனித் தலைவராக இருந்தவர், வெறும் பேராசிரியர் இல்லை. அதிகாரம் மேலே இருப்பவரிடம் இல்லை, கீழே இருப்பவர் ஏற்றுக்கொள்வதில் இருக்கிறது என்றார். ஆளுக்கு ஆள் ஒரு எல்லை உண்டு, அதற்குள் வரும் ஆணையைக் கேள்வி கேட்காமல் செய்வார், தாண்டினால் கை நின்றுவிடும். 700 அந்த எல்லையாகக்கூட இருக்கலாம், ஆனால் அது ஏன் 700-ல் விழுந்தது என்று பர்னார்ட் சொல்லமாட்டார்.

கடைமடை தம்பி, நீங்கள் அம்மாவிடமே கேட்டீர்களா?

கடைமடை

இல்லை டீச்சர். வெட்கமாகத்தான் இருக்கிறது. இந்த வாரம் ஊருக்குப் போகிறேன்.

பொதிகைச்சாரல்

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். 1911, 1924 என்று அமெரிக்காவையே பார்க்கிறோம். அதற்கு முன்னால் 1908 பிப்ரவரியில் நம் ஜில்லாவில், அன்றைக்குத் தூத்துக்குடி திருநெல்வேலி ஜில்லாதான், கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள், பெற்றார்கள். மார்ச் 12-ல் வ.உ.சி. கைது, மறுநாள் நெல்லையே கொந்தளித்தது. அந்த மில் ஹார்வி சகோதரர்களுடையது. வேலையையும் ஓய்வையும் யார் அளப்பது என்ற கேள்வி டெய்லர் புத்தகம் வருவதற்கு மூன்று வருடம் முன்பே இங்கே எழுந்துவிட்டது. அதை எந்த நிர்வாகப் பாடத்திலும் வைப்பதில்லை, சுதந்திரப் போராட்டப் பாடத்தில் ஒரு வரியாக வைக்கிறார்கள்.

கணக்குப்புலி

நல்ல தகவல். ஆனால் வேலைநிறுத்தம் ஒரு கோட்பாடு ஆகாது.

ஓய்வுபெற்ற சைடர்

ஹேங்க் மீட்டரும்தான் கோட்பாடு ஆகாது. அதை வைத்து என் சம்பளத்தை எழுதினார்களே.

மட்டுறுத்துநர்

இருவரும் கொஞ்சம் தணியுங்கள். இழை அறுந்துவிடப்போகிறது.

ஓய்வுபெற்ற சைடர்

அறுந்தால் கொடுங்கள் ஐயா, ஒட்டித் தருகிறேன். 31 வருட அனுபவம்.

கடைமடை

ஊருக்குப் போய் வந்துவிட்டேன். நீளமாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை மதியம் திண்ணையில் அம்மாவிடம் கேட்டேன். முதலில் சிரித்தார். "எதுக்குலே கேக்கே, படிச்சு பீடிக்கடை வைக்கப் போறியா?" என்றார். அப்புறம் சொன்னார்.

சைடர் அண்ணாச்சி சொன்னது சரி. விஷயம் இலையில்தான் இருக்கிறது. கடையில் இலையை எடை போட்டுக் கொடுக்கிறார்கள், பீடியை எண்ணி வாங்குகிறார்கள். இந்த எடைக்கு இத்தனை பீடி என்று ஒரு கணக்கு. இலை நன்றாக இருந்தால் தகடு வைத்து நெருக்கி வெட்டிக் கணக்கைச் சரிக்கட்டலாம், கைதேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் மிஞ்சும். பழுத்தது, ஓட்டை விழுந்தது என்று மட்டமான இலை வந்தால் பத்தாது. கைக்காசு போட்டு வெளியே இலை வாங்கி எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். கூலியை வெட்ட முடியாது என்று கணக்குப்புலி அண்ணாச்சி எழுதினீர்கள். உண்மை. ஆனால் இலையை வெட்டலாம். அதற்குச் சட்டமோ ஒப்பந்தமோ குறுக்கே வருவதை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

பல வருடம் முன்னால் தெருவில் ஒரு பெரியம்மா இருந்தாராம். கை மின்னல். கொடுத்த இலையில் கணக்குக்கு மேலேயே சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார், கூடுதல் கூலியும் வாங்கினார். அடுத்த வாரம் கடையில் எல்லாருக்கும் இலை எடை குறைந்தது. கேட்டதற்கு, "அந்த அம்மாவுக்கு வருதுல்லா, ஒங்களுக்கு ஏன் வரல?" என்றார்களாம். அந்தப் பெரியம்மாவோடு தெரு மூன்று மாதம் பேசவில்லை. தோள்பட்டையில் குத்து விழவில்லை டீச்சர், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் குடத்தை நகர்த்திவிட்டார்கள்.

700 அப்படி வந்தது. கையில் தாமதமான ஆள் மட்ட இலையை வைத்துக்கொண்டு முட்டி மோதி எவ்வளவு சுற்றுவாரோ, அதுதான் 700. தெரு அதற்கு இறங்கி நிற்கிறது.

நான் இங்கேயே நிறுத்தியிருப்பேன். ஆனால் மூன்று மணிக்கு அம்மா தன் எழுநூற்றைக் கட்டிவைத்துவிட்டு மறுபடி சொளகை எடுத்தார். "முடிஞ்சிட்டுல்லா?" என்றேன். பக்கத்து வீட்டு அத்தைக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி, பீடியின் தலையை மடக்க முடியவில்லை. 400 தாண்டமாட்டார். அம்மா மிச்சம் பிடித்த இலையில் மீதி 300-ஐச் சுற்றுகிறார். அது அத்தை புத்தகத்தில் ஏறுகிறது. எதிர்வீட்டு அக்கா பழகிக்கொண்டிருந்த முதல் வருடம் அவளுக்கும் இப்படித்தான் நாலு வீடு சேர்ந்து சுற்றிக் கொடுத்தார்களாம். "சரக்கு போடாம நின்னா பாஸை முடக்கிருவான். பி.எஃப். போயிரும்லா அவளுக்கு" என்றார் அம்மா.

ஆக, அம்மா ஆயிரம்தான் சுற்றுகிறார். புத்தகத்தில்தான் 700.

வாத்தியாரம்மா

தம்பி, இதைப் படித்துவிட்டு அந்தக் கம்பி இணைக்கும் அறைப் பகுதியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் இதே கதை இருக்கிறது. தடை இருந்தும் ஒருவர் வேலையை ஒருவர் மாற்றிக்கொண்டார்கள், பின்தங்கியவருக்குக் கைகொடுத்தார்கள். செய்தது ஒன்று, எழுதிக்கொடுத்தது ஒன்று. ஒருநாள் கூடுதலாகச் செய்ததை மறைத்து, குறைந்த நாளுக்கு ஏற்றிச் சமப்படுத்தினார்கள். நான் பன்னிரண்டு வருடமாக 'உற்பத்திக் கட்டுப்பாடு' என்ற தலைப்பில் மட்டும் அதை நடத்தியிருக்கிறேன். கைகொடுத்தது என் குறிப்பேட்டில் ஒரு வரியாகத்தான் இருக்கிறது.

இந்தியாவிலேயே ஒரு ஆய்வு உண்டு. 1953-ல் ஏ. கே. ரைஸ் என்பவர் அகமதாபாத் காலிகோ மில்லைப் பற்றி எழுதினார். தானியங்கித் தறி போட்டும் உற்பத்தி ஏறவில்லை. வேலையைச் சின்னச் சின்னதாக உடைத்து ஆளுக்கு ஒன்று என்று பிரித்துவைத்திருந்தார்கள். சில தறிகளுக்குச் சேர்த்து ஒரு குழு பொறுப்பு என்ற யோசனையைச் சொன்னதும் தொழிலாளர்களே தங்களுக்குள் ஆள் சேர்த்துக்கொண்டார்கள், உற்பத்தியும் தரமும் ஏறின. லண்டன் டேவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தின் கண்டுபிடிப்பு என்று உலகம் கொண்டாடியது. உங்கள் தெருவில் யோசனை சொல்ல லண்டனிலிருந்து யாரும் வரவில்லை.

கணக்குப்புலி

ஒப்புக்கொள்கிறேன், கூலிக்குப் பதில் இலை வெட்டப்படும் என்று நான் யோசிக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். இது டெய்லர் சொன்னதற்கு எதிரானது இல்லை, அவர் சொன்னதேதான். அளவுகோல் ஒரு பக்கத்தார் கையில் மட்டும் இருந்தால் மறுபக்கம் மறைக்கும். இலையின் தரத்தைப் பிரித்து, தரத்துக்கு ஏற்ற எடையை நிர்ணயித்துவிட்டால் அந்தப் பெரியம்மா ஆயிரத்து இருநூறு சுற்றியிருப்பார், யாருக்கும் நஷ்டமில்லை.

ஓய்வுபெற்ற சைடர்

தரத்தை யார் பிரிப்பது அண்ணாச்சி? கடைக்காரரா?

கணக்குப்புலி

இரண்டு தரப்பும் சேர்ந்து.

ஓய்வுபெற்ற சைடர்

அப்படியானால் டெய்லரை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள். சந்தோஷம். அடுத்த மாதம் திருநெல்வேலி வந்தால் சொல்லுங்கள், ஜங்ஷனில் டீ என் செலவு.

எழுத்தர்

அந்தப் பெரியம்மா இப்போது எப்படி இருக்கிறார் தம்பி?

கடைமடை

இறந்து ஆறு வருடம் ஆகிறது. கடைசி இரண்டு வருடம் கண் தெரியவில்லை. அவர் புத்தகத்தில் 700 ஏறிக்கொண்டுதான் இருந்தது என்றார் அம்மா.

மட்டுறுத்துநருக்கு: என் முதல் பதிவில் ஊர்ப் பெயரை எடுத்துவிட முடியுமா? இதைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்டது அது ஒன்றைத்தான்.

மட்டுறுத்துநர்

ஆலங்குளம் அந்த வட்டாரத்துக்கே பொதுப்பெயர், அங்கே பீடி சுற்றாத தெரு ஏது? இருந்தாலும் அம்மா சொன்னால் சரிதான். ராத்திரிக்குள் எடுத்துவிடுகிறேன்.